பழைய காருக்கு எந்தக் கூலன்ட்? நிறத்தை நம்பி ஊற்றுவோர் அறிய வேண்டியவை

புதுதில்லி: ஏப்ரல், மே மாதங்களில் நெடுஞ்சாலை ஓரங்களில் பானட் திறந்த நிலையில், ஆவி கக்கிக்கொண்டு நிற்கும் கார்கள் வட இந்தியச் சமவெளியிலும் தக்காணத்திலும் பழகிப்போன காட்சி. அவற்றில் பழைய வண்டிகளே அதிகம் கண்ணில் படும். ஓட்டுநர் அருகிலுள்ள தேநீர்க் கடையிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் வாங்கி வந்து ரேடியேட்டரில் ஊற்றுவார். சற்று நேரத்தில் வண்டி மீண்டும் புறப்பட்டுவிடும். அன்றைய பயணம் தப்பிவிடுகிறது. ஆனால், அந்த வாளித் தண்ணீர் எஞ்சினுக்குள் செய்யும் வேலை பல மாதங்கள் கழித்தே வெளியில் தெரியவரும்.

பதிவுக் காலமான 15 ஆண்டுகளை நெருங்கும் அல்லது அதைக் கடந்துவிட்ட கார்களை வைத்திருப்போர், எஞ்சின் ஆயிலைக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடக் கூலன்ட் எனப்படும் குளிர்விப்புத் திரவத்தின் மீது காட்டுவதில்லை. கடையில் 'பச்சை கொடுங்கள்' என்றோ 'சிவப்பு கொடுங்கள்' என்றோ கேட்டு வாங்கி ஊற்றுவதே வழக்கமாக உள்ளது. கூலன்ட்டின் நிறம் என்பது உற்பத்தியாளர் சேர்க்கும் சாயம் மட்டுமே. அது எந்த வேதிப்பொருளையும் குறிப்பதில்லை. நிறத்துக்கென உலகளாவிய விதி எதுவும் கிடையாது. பழைய வண்டிக்குக் கூலன்ட்டைத் தேர்வு செய்யும்போது பார்க்க வேண்டியவை அதன் எஞ்சினும் ரேடியேட்டரும் எந்த உலோகத்தால் ஆனவை, கூலன்ட்டில் உள்ள அரிப்புத் தடுப்பான் எந்த வகை, அதனுடன் கலக்கப்படும் தண்ணீர் எப்படிப்பட்டது ஆகிய மூன்றுமே.

தண்ணீருக்கு என்ன குறை?

எரிபொருள் எரிவதால் உண்டாகும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குளிர்விப்பு அமைப்பே வெளியேற்ற வேண்டியுள்ளது. வாட்டர் பம்ப் திரவத்தை எஞ்சினைச் சுற்றியுள்ள குழிகளின் வழியே ஓட்டுகிறது. சூடேறிய திரவம் ரேடியேட்டருக்குச் சென்று காற்றில் வெப்பத்தை இழந்து திரும்புகிறது. இந்த வேலையைப் பொறுத்தவரை தூய தண்ணீருக்கு இணையான திரவம் அரிது. பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட்டைவிடத் தனித் தண்ணீரே அதிக வெப்பத்தைச் சுமந்து செல்லும். 'கூலன்ட் ஊற்றினால் வண்டி கூடுதலாகக் குளிரும்' என்ற பரவலான நம்பிக்கை அந்த வகையில் சரியன்று.

தண்ணீரின் குறைகள் வேறு இடத்தில் உள்ளன. அது இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது, அலுமினியத்தை அரிக்கிறது, பூஜ்ஜிய டிகிரியில் உறைந்து ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடைகிறது. லடாக்கின் குளிர்கால இரவில் வெறும் தண்ணீருடன் நிறுத்தப்பட்ட காரின் எஞ்சின் பிளாக்கில் விரிசல் விழ அந்த விரிவு போதுமானது.

கொதிநிலையும் ஒரு சிக்கல். கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். பெரும்பாலான எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் எனும் அடைப்பான் திறப்பதே 82 முதல் 88 டிகிரியில்தான். அதாவது, அழுத்தம் இல்லாத அமைப்பாக இருந்தால், எஞ்சின் தன் இயல்பான வெப்பநிலையை அடையும்போதே தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும்.

இதைத் தடுப்பது ரேடியேட்டரின் அழுத்த மூடி. 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி சரியாக வேலை செய்தால், சமவெளியில் வெறும் தண்ணீரின் கொதிநிலைகூடச் சுமார் 118 டிகிரிக்கும், லேயில் சுமார் 112 டிகிரிக்கும் உயரும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலவையாக இருந்தால் அது மேலும் சில டிகிரி கூடும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். விலை குறைந்த இந்த உதிரிப் பாகத்தைப் பழைய வண்டிகளில் பல ஆண்டுகளாக யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். எஞ்சின் சூடேறும் புகாருடன் பணிமனைக்கு வரும் வண்டியில் முதலில் சோதிக்க வேண்டியது இதுவே.

நிறம் சொல்லாத செய்தி

கூலன்ட்டில் எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் போக மீதமுள்ள சில சதவீதமே அரிப்புத் தடுப்பான். விலை வேறுபாடும் தர வேறுபாடும் பெரும்பாலும் இந்தச் சில சதவீதத்தில்தான் அடங்கியுள்ளன.

பழைய முறையில் சிலிகேட், பாஸ்பேட், போரேட், நைட்ரைட் போன்ற கனிம உப்புகள் பயன்படுத்தப்பட்டன. இவை உலோகப் பரப்பு முழுவதும் விரைவாக ஒரு மெல்லிய படலத்தை உருவாக்கிக் காக்கின்றன. அதே வேகத்தில் தீர்ந்தும் போகின்றன. அதனால் இவ்வகையை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இரண்டாவது வகை கரிம அமிலங்களைக் கொண்டது. இது அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் மெதுவாகத் தீர்கிறது. ஐந்து ஆண்டுகள் வரை நீடிக்கும். 1990-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஆரஞ்சு நிறத்தில் இவ்வகையை அறிமுகப்படுத்திய பிறகே, 'பச்சை என்றால் பழையது, ஆரஞ்சு என்றால் நீண்ட ஆயுள்' என்ற எண்ணம் பரவியது. இரண்டையும் கலந்த கலப்பு வகை மூன்றாவது.

இந்தக் கலப்பு வகைக்குள்ளும் ஒரு பிரிவினை உண்டு. ஐரோப்பாவின் பல பகுதிகளில் குழாய் நீர் கடினமானது. கடின நீரில் உள்ள கால்சியத்துடன் பாஸ்பேட் சேர்ந்து படிவாக இறங்கும் என்பதால் ஐரோப்பிய நிறுவனங்கள் பாஸ்பேட்டைத் தவிர்த்துச் சிலிகேட்டை விரும்பின. ஜப்பானிய நிறுவனங்களோ, வாட்டர் பம்ப்பின் அடைப்பு வளையத்தைச் சிலிகேட் தேய்த்துவிடும் எனக் கருதி அதை விலக்கிப் பாஸ்பேட்டை ஏற்றன. விளைவாக, டொயோட்டாவின் பழைய சிவப்புக் கூலன்ட்டில் பாஸ்பேட் உண்டு. ஃபோக்ஸ்வாகனின் இளஞ்சிவப்பில் இல்லை. கடை அலமாரியில் இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஹோண்டா நீல நிறத்தையும், சுசுகி பச்சை, நீலம் ஆகிய இரண்டையும் பயன்படுத்தி வந்துள்ளன. இவற்றைத் தவிர, எந்தக் குழுவிலும் சேராத எண்ணற்ற வெளிச்சந்தைத் தயாரிப்புகள் விரும்பிய சாயத்துடன் விற்பனைக்கு வருகின்றன.

இரு வகைகளைக் கலந்தால் உடனே எஞ்சின் பழுதாகிவிடும் என்பது மிகைப்படுத்தல். பெரும்பாலான நேரங்களில் நடப்பது, இரண்டின் தடுப்பான்களும் நீர்த்துப்போய் நீண்ட ஆயுள் கூலன்ட் குறுகிய ஆயுள் கூலன்ட்டாக மாறுவதே. ஆனால், சில சேர்க்கைகளில் சிலிகேட் பிரிந்து கூழ் போலத் திரண்டு ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைப்பதும் உண்டு. எந்தச் சேர்க்கையில் இது நேரும் என்பதை நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அம்பாசடருக்கு ஒன்று, மாருதிக்கு ஒன்று

இந்தியாவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார்கள் மூன்று வெவ்வேறு மரபுகளிலிருந்து வந்தவை. பிரிட்டிஷ் வழி வந்த அம்பாசடரின் தொடக்ககால 1,489 சிசி எஞ்சினில் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. இத்தாலிய ஃபியட் 1100-இன் வழித்தோன்றலான பிரீமியர் பத்மினியில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்ட மாருதி 800-லும் ஹெட் அலுமினியமே. இரும்பும் அலுமினியமும் ஒரே திரவத்தில் நனைந்திருக்கும்போது, அந்தத் திரவம் மின்னைக் கடத்தக்கூடியதாக இருந்தால், ஒரு சிறு மின்கலத்தைப் போலச் செயல்பட்டு அலுமினியம் கரையத் தொடங்கும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் அத்தகைய கடத்திதான்.

ரேடியேட்டரையும் கவனிக்க வேண்டும். பழைய ரேடியேட்டர்கள் செம்பு, பித்தளைத் தகடுகளை ஈயப் பற்றாசால் இணைத்துச் செய்யப்பட்டவை. பிற்காலத்தவை அலுமினிய உடலும் பிளாஸ்டிக் தொட்டியும் கொண்டவை. கரிம அமிலம் மட்டுமே உள்ள கூலன்ட் ஈயப் பற்றாசைப் போதிய அளவு காப்பதில்லை. செம்பையும் பித்தளையையும் காக்கக் கனிம உப்புகள் அடங்கிய பழைய வகையே பொருந்தும். எனவே, பழைய பித்தளை ரேடியேட்டர் இன்னும் இருக்கும் அம்பாசடரிலோ பத்மினியிலோ, 'ஐந்து ஆண்டுகள் நீடிக்கும்' என்ற விளம்பரத்தை நம்பி விலை உயர்ந்த கூலன்ட்டை ஊற்றுவது வீண் செலவு மட்டுமல்ல, பற்றாசு இணைப்புகளில் கசிவையும் வரவழைக்கக்கூடும். இரண்டு ஆண்டு வகையை ஊற்றித் தவறாமல் மாற்றி வருவதே இத்தகைய வண்டிக்கு ஏற்றது.

ஜப்பானிய, கொரிய மரபில் வந்த கார்களுக்குச் சிலிகேட் இல்லாத, பாஸ்பேட் உள்ள வகை. ஐரோப்பிய கார்களுக்கு அந்தந்த நிறுவனத்தின் குறியீட்டு எண் பொறித்த வகை. கனரக டீசல் எஞ்சின்கள் சிலவற்றில் சிலிண்டர் உறையின் வெளிப்புறம் நேரடியாகக் கூலன்ட்டில் நனைந்திருக்கும். அதிர்வினால் உறையின் மேல் நுண்குமிழிகள் உருவாகி உடையும்போது உலோகத்தில் ஊசித் துளைகள் விழும் என்பதால் அவற்றுக்கான கூலன்ட் தனி. காருக்கு வாங்கியதை லாரிக்கு ஊற்றுவது பொருந்தாது. காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட இருசக்கர வாகனங்களுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

வண்டியின் கையேடு கையில் இல்லாதபோது, கலனின் முகப்பில் உள்ள படத்தைவிடப் பின்புறத்தில் உள்ள சிறிய எழுத்துகளே பயன்படும். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐஎஸ் 5759, ஜப்பானின் ஜேஐஎஸ் கே 2234, கார்களுக்கான அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் டி3306 ஆகியவற்றுள் ஒன்றாவது அச்சிடப்பட்டிருக்க வேண்டும். கனரக டீசலுக்கு ஏஎஸ்டிஎம் டி6210. கிளைக்கால் விகிதமும் தர எண்ணும் இல்லாத கலனில் இருப்பது சாயமிட்ட தண்ணீராகவும் இருக்கலாம் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. அடர் திரவமா, கலந்து வைத்த திரவமா என்பதும் அங்கேதான் குறிக்கப்பட்டிருக்கும். இந்த ஒரு வரியைப் படிக்காமல், ஏற்கெனவே கலந்த திரவத்தில் மீண்டும் ஒரு பங்கு தண்ணீர் சேர்ப்போர் உண்டு.

கலவை விகிதமும் தண்ணீரும்

பாதிக்குப் பாதி கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. காஷ்மீர், லடாக், இமாசலத்தின் உயர் பகுதிகளுக்கு அதுவே தேவை. ஒரு பங்கு கூலன்ட்டுக்கு இரண்டு பங்கு தண்ணீர் என்ற கலவை மைனஸ் 17 டிகிரி அளவுக்குத் தாங்கும். தென்னிந்தியாவுக்கும் மத்திய இந்தியாவுக்கும் உறைதல் ஒரு பொருட்டே அல்ல. அதற்காக இன்னும் நீர்க்கச் செய்வது தவறு. கிளைக்கால் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் அரிப்புத் தடுப்பானும் அதே விகிதத்தில் மெலிந்துவிடும். மறுபுறம், தண்ணீரே சேர்க்காமல் அடர் திரவத்தை மட்டும் ஊற்றுவதும் கூடாது. தூய எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். வெப்பத்தைச் சுமக்கும் திறனும் குறைவு.

கலக்கும் நீர் காய்ச்சி வடித்ததாகவோ கனிமம் நீக்கியதாகவோ இருக்க வேண்டும். கடைகளில் 'பேட்டரி தண்ணீர்' என்ற பெயரில் கிடைப்பது இதுவே. அதே கடையில் அதே அளவுக் கலனில் பேட்டரி அமிலமும் விற்கப்படுவதால் சீட்டைப் படித்து வாங்குவது அவசியம். வீட்டுச் சுத்திகரிப்பான் நீர் குழாய் நீரைவிட மேலானது, வடிநீருக்கு ஈடாகாது. ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் எஞ்சினின் சூடான பரப்புகளில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவது போலவே வெள்ளையாகப் படிகின்றன. அந்தப் படிவு வெப்பத்தைக் கடத்தாது. வெப்பமானியின் முள் இயல்பாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டர் ஹெட்டின் ஒரு பகுதி மட்டும் அளவுக்கு மீறிச் சூடேறுவது இதனால்தான்.

வழியில் தண்ணீர் மட்டும் ஊற்றி நிரப்புவதன் விளைவைக் கணக்கிட்டும் பார்க்கலாம். ஆறு லிட்டர் கொள்ளும் அமைப்பில் பாதிக்குப் பாதி கலவை இருப்பதாகக் கொள்வோம். ஒரு லிட்டர் கசிந்து, அதற்குப் பதில் தண்ணீர் ஊற்றினால் கிளைக்கால் 50-லிருந்து 42 சதவீதத்துக்கு இறங்கும். மீண்டும் ஒருமுறை ஊற்றினால் 35. மூன்றாவது முறை 29. ஒரே கோடையில் மூன்று வாளித் தண்ணீர் வாங்கிய வண்டியில், சாயம் இன்னும் பச்சையாகவே தெரிந்தாலும், கூலன்ட்டின் பாதுகாப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது.

மாற்றும்போது நேரும் ஒரு கணக்குப் பிழை

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் திரவம் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும். மூடி திறந்த நொடியில் அழுத்தம் விலகி, மொத்தமாக ஆவியாகி முகத்திலும் கைகளிலும் பீறிடும். துணியைப் போட்டு மெல்லத் திறக்கும் பழக்கமும் பாதுகாப்பானதன்று. இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் திறப்பதே முறை.

ஹீட்டர் உள்ள கார்களில் அதன் கட்டுப்பாட்டை முழுச் சூட்டு நிலையில் வைத்து, ரேடியேட்டரின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து, அகன்ற பாத்திரத்தில் பழைய திரவத்தைப் பிடிக்க வேண்டும். வெளிவரும் திரவமே எஞ்சினின் நிலையைச் சொல்லும். காவி நிறம் துருவைக் காட்டுகிறது. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்க வாய்ப்புண்டு. பிறகு வடிநீரை நிரப்பி, மேல் ஹோஸ் சூடாகும் வரை எஞ்சினை ஓட்டி, ஆறவிட்டு, மீண்டும் வடிக்க வேண்டும். வடியும் நீர் தெளியும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பலரும் கவனிக்கத் தவறுவது அடுத்த கட்டத்தில். ரேடியேட்டரை வடித்தாலும் எஞ்சின் பிளாக்குக்குள்ளும் ஹீட்டருக்குள்ளும் கழுவிய நீர் தங்கிவிடும். அம்பாசடர் போன்ற சில எஞ்சின்களின் பிளாக்கில் தனி வடிகுழாய் உண்டு. பல வண்டிகளில் அதை எட்டுவதே கடினம். ஆறு லிட்டர் அமைப்பிலிருந்து நான்கு லிட்டர் மட்டுமே வடிந்தால், இரண்டு லிட்டர் வெறும் நீர் உள்ளேயே உள்ளது. அதன்மேல் கலந்து வைத்த பாதிக்குப் பாதி திரவத்தை நான்கு லிட்டர் ஊற்றினால், உள்ளே இருப்பது 33 சதவீதக் கலவையே. சமவெளிக்கு அது எல்லைக்கோட்டில் நிற்கும் அளவு. லேயின் குளிருக்குப் போதாது. இதைத் தவிர்க்க, கழுவிய பின் அடர் திரவத்தையே வாங்கி, மொத்தக் கொள்ளளவில் பாதியை, அதாவது மூன்று லிட்டரை முதலில் ஊற்றிவிட வேண்டும். மீதி இடத்தை வடிநீரால் நிரப்பினால் விகிதம் தானாகச் சரியாகிவிடும். மொத்தக் கொள்ளளவு எவ்வளவு என்பதைக் கையேட்டிலோ நிறுவனத்தின் சேவை மையத்திலோ அறியலாம்.

ஊற்றும்போது உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். மெதுவாக ஊற்றுவதும், மேல் ஹோஸை அவ்வப்போது கையால் அமுக்கி விடுவதும், காற்று நீக்கும் திருகு இருந்தால் அதைத் தளர்த்துவதும் பயன் தரும். வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்துவது காற்று வெளியேற எளிது. பிறகு மின்விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும் வரை எஞ்சினை ஓட்டி, முழுவதும் ஆறவிட்டு, குறைந்த அளவை நிரப்ப வேண்டும்.

பல ஆண்டுகள் தண்ணீரிலேயே ஓடிய எஞ்சினுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. உள்ளே படிந்த துருவும் சுண்ணாம்பும் சில இடங்களில் ஊசித் துளைகளை அடைத்துக்கொண்டிருக்கும். புதிய கூலன்ட் அவற்றைக் கரைத்ததும் அடுத்த வாரமே கசிவு தொடங்கும். 'கூலன்ட் ஊற்றியதால் ரேடியேட்டர் போய்விட்டது' என்ற குறைபாட்டின் பின்னணி பெரும்பாலும் இதுவே. கசிவு கூலன்ட்டால் உண்டானதன்று. ஏற்கெனவே இருந்தது வெளிப்பட்டது. அமிலம் கலந்த கடும் சுத்திகரிப்புத் திரவங்களை இத்தகைய எஞ்சினில் பயன்படுத்தாமல் வடிநீராலேயே பலமுறை கழுவுவது மேல். ஹோஸ்கள், கிளிப்புகள், தெர்மோஸ்டாட், அழுத்த மூடி ஆகியவற்றை அதே வேளையில் மாற்றிவிடுவதும் சிக்கனமே. பித்தளை ரேடியேட்டர் அடைத்திருந்தால் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து மீண்டும் பற்றவைக்கும் கைவினைஞர்கள் இன்றும் பல ஊர்களில் உள்ளனர். பிளாஸ்டிக் தொட்டி கொண்டவற்றைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும்.

தெர்மோஸ்டாட்டும் மஞ்சள் தூளும்

'நம் நாட்டு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு' என்று கூறி அதைக் கழற்றி எறியும் பழக்கம் சாலையோரப் பணிமனைகளில் நெடுங்காலமாக உள்ளது. கழற்றப்பட்ட எஞ்சின் இயல்பான வெப்பநிலையை அடைய நெடுநேரம் எடுக்கும். அதுவரை எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். சிலிண்டர் சுவர்களின் தேய்மானமும் அதிகரிக்கும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே ரேடியேட்டரைச் சுற்றிச் செல்லும் குறுக்கு வழியும் மூடப்படும். அதைக் கழற்றினால் குறுக்கு வழி நிரந்தரமாகத் திறந்திருந்து, வெந்நீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் திரும்பும். குளிர வைக்கச் செய்த வேலை சூடேற்றுவதில் முடியும்.

ரேடியேட்டர் கசிவுக்கு மஞ்சள் தூள் போடுவதும் பல மாநிலங்களில் அறியப்பட்ட கைவைத்தியம். தூள் ஊறி உப்பிச் சிறு துளைகளை அடைப்பது உண்மையே. நள்ளிரவில் காட்டுப் பாதையில் சிக்கியவருக்கு அது உதவும். ஆனால், துளையை மட்டும் அடைத்து நுண்குழாயை விட்டுவிடும் அறிவு மஞ்சள் தூளுக்குக் கிடையாது. அவ்வாறு ஊர் வந்து சேர்ந்த பின் முழு அமைப்பையும் கழுவிவிட வேண்டும்.

இனிப்புச் சுவை கொண்ட நஞ்சு

வடித்த பழைய கூலன்ட்டை வாசலில் ஊற்றிவிடுவதும், கழிவுநீர்க் கால்வாயில் விடுவதும் பரவலாக நடக்கிறது. எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை கொண்டது. தேங்கி நிற்கும் அந்தத் திரவத்தைத் தெரு நாய்களும் பூனைகளும் நக்குகின்றன. சிறு குழந்தைகள் அதன் பளிச்சென்ற நிறத்தைக் கண்டு பானமென எண்ணக்கூடும். குளிர்பான பாட்டிலில் மீதிக் கூலன்ட்டை ஊற்றி வைக்கும் வழக்கம் இதனாலேயே மிக ஆபத்தானது.

உடலுக்குள் சென்ற எத்திலீன் கிளைக்காலைக் கல்லீரல் சிதைக்கும்போது கிளைக்காலிக் அமிலமும் ஆக்ஸாலிக் அமிலமும் உருவாகின்றன. பின்னது கால்சியத்துடன் சேர்ந்து சிறுநீரகத்தில் படிகங்களாகப் படிந்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. முதல் சில மணி நேரத்தில் குடிபோதை போன்ற தள்ளாட்டமும் வாந்தியும் மட்டுமே தெரியும். வளர்ந்தவர் ஒருவருக்கே சுமார் 100 மில்லி லிட்டர் உயிரைப் பறிக்கக்கூடிய அளவாகக் கருதப்படுகிறது. குழந்தைக்கு இதைவிட மிகக் குறைந்த அளவே போதும். 2022 அக்டோபரில் காம்பியா நாட்டுக் குழந்தைகளின் மரணம் தொடர்பாக உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட எச்சரிக்கையில், இருமல் மருந்துகளில் ஏற்க முடியாத அளவில் இருந்ததாகக் கூறப்பட்ட இரு பொருட்களுள் எத்திலீன் கிளைக்காலும் ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது.

யாரேனும் கூலன்ட்டை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் எழுந்தால் அறிகுறிகளுக்காகக் காத்திராமல், கலனையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாற்று மருந்தும் டயாலிசிஸ் வசதியும் உள்ள இடத்தில், சிறுநீரகம் பாதிக்கப்படும் முன் சிகிச்சை தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் செயல்படும் தேசிய நச்சுத் தகவல் மையம் இத்தகைய நேரங்களில் மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆலோசனை வழங்குகிறது. பழைய ரேடியேட்டரிலிருந்து வடித்த திரவத்தில் பற்றாசிலிருந்து கரைந்த ஈயமும் கலந்திருக்கும். ஆகவே, அதை மூடியுள்ள கலனில் அடைத்து, பெயரெழுதி, பழைய ஆயிலைத் திரும்பப் பெறும் அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் ஒப்படைப்பதே உகந்தது. கலக்கும்போது சிந்தியதை மண்ணோ மரத்தூளோ போட்டு உறிஞ்சச் செய்து அள்ளிய பின் நீரால் கழுவ வேண்டும்.

மாற்றிய பிறகு

புதிய கூலன்ட் ஊற்றிய தேதி, வகை, விகிதம் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிப் பானட்டின் உட்புறம் ஒட்டி வைத்தால், அடுத்து வண்டியைத் தொடும் மெக்கானிக் வேறு வகையை ஊற்றாமல் தடுக்கலாம். ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டிக்கும் காலக்கெடு பொருந்தும். நிற்கும் வண்டியிலும் தடுப்பான்கள் தீர்ந்துகொண்டே இருக்கும்.

முதல் ஒரு வாரம், எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில் உபரித் தொட்டியின் அளவுக்கோட்டைத் தினமும் பார்க்க வேண்டும். சிக்கியிருந்த காற்று வெளியேறுவதால் ஓரிரு நாள் சற்றுக் குறைவது இயல்பு. அதன் பிறகும் குறைந்துகொண்டே போய், தரையில் கசிவும் தென்படாவிட்டால், திரவம் எஞ்சினுக்குள்ளேயே செல்கிறது என்று பொருள். எஞ்சின் சூடேறிய பிறகும் புகைபோக்கியில் நிற்காத வெண்புகை, ஆயில் அளவுக் குச்சியில் பால் கலந்த தேநீர் போன்ற நிறம், எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரில் இடைவிடாத குமிழிகள் ஆகியவை ஹெட் கேஸ்கெட் பழுதுக்கான அடையாளங்கள். இவற்றுள் ஒன்று தெரிந்தாலும் வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல், இழுவை வண்டியில் ஏற்றிப் பணிமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அந்த நிலையில் இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டுவது கேஸ்கெட் மாற்றும் செலவுடன் முடிய வேண்டியதை ஹெட்டையே மாற்றும் செலவாக ஆக்கிவிடும்.